லட்சம் இடம் வைத்த வரிசை

சரவணம்பட்டியில் ரூட்டர் செய்கிற கம்பெனி ஒன்று. அதன் டைரக்டர் சந்திரமௌலி, ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் இன்ஜினியர் மெர்லினைக் கூப்பிட்டார்.

"ரூட்டர் சாஃப்ட்வேர்ல, அந்தக் கெர்னல்ல, எதுக்கும்மா டேட்டா பாக்கெட் தொலையுது?"

"பாக்கெட் காத்து நிக்கிற வரிசையில இருநூத்தம்பத்தாறு இடந்தாங்க சார், வட்டமா சுத்தி வரும். நிரம்பிட்டா அடுத்து வர்றது கீழ விழத்தான் செய்யும்." இதை அவள் சொல்வது ஐந்தாவது தடவை.

"அப்போ லட்சம் இடம் வை! இனி ஒண்ணு விழுந்தாலும் நீ வேலைக்கு வராதே."

"வரிசை நீண்டா எல்லாம் காத்துக் கிடக்கும்ங்க சார்."

"எனக்கே பாடமா?"

மெர்லினுக்குச் சலித்துவிட்டது. லட்சம் இடம் வைத்தாள். அந்த ரூட்டரை முதலில் டைரக்டர் அறையிலேயே மாட்டினாள்.

மறுநாள் மதியம், ரூட்டர் வாங்கவிருந்த ஜெர்மனிக்காரரோடு வீடியோவில் பேச்சு. ஆபீஸ் ஃபைல்களெல்லாம் அதே ரூட்டர் வழியாகப் போய் வரிசையை நிரப்பிக்கொண்டிருந்தன.

"ரூட்டர் தயாரா?" என்றார் ஜெர்மனிக்காரர்.

"நூற்றுக்கு நூறு!" என்றார் சந்திரமௌலி. அந்தப் பதில் வரிசையில் போய் நின்றது.

காத்துப் பார்த்த ஜெர்மனிக்காரர் அடுத்ததைக் கேட்டார். "இது பழுதாகுமா?"

அப்போதுதான் அங்கே போய்ச் சேர்ந்தது, "நூற்றுக்கு நூறு!"

ஜெர்மனிக்காரர் பேனாவை மூடினார்.

"மெர்லின்! என்ன பண்ணித் தொலைச்சே?" என்று ரூட்டர் பக்கத்தில் நின்றவளிடம் பாய்ந்தார் சந்திரமௌலி.

"ஒண்ணுகூட விழலைங்க சார். எல்லாம் பத்திரமா வரிசையில நிக்குது."

"விழுந்தா விழட்டும், பழையபடி மாத்தும்மா!"

"விழுந்தா நான் வேலைக்கு வரக்கூடாதுங்களே" என்று மெர்லின் கைப்பையை எடுத்தாள்.

"ஐயோ, நீ போயிட்டா இதை யாரும்மா சரி பண்றது? எனக்கு ஒண்ணும் தெரியாதே!"

எட்டு நொடி கழித்து அந்த அலறலும் ஒரு சொல் குறையாமல் ஜெர்மனி போய்ச் சேர்ந்தது.