எல்லை தாண்டாத தண்ணீர்

மலைச்சரிவில் ஒரு மடம். அதற்குக் கீழே ஓர் ஒற்றை அறை வீடு. இரண்டுக்கும் நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கல் சுவர். மடத்து மண் கீழே இருந்தவர்கள் தலையில் சரியாமல் இருந்தது அந்தச் சுவரால்தான். கீழ்வீட்டுக்குப் பின்சுவரும் அதுதான்.

ஐப்பசி மழையில் சுவர் வயிறு தள்ளியது.

கீழ்வீட்டுச் செபமாலை ஒரு மத்தியானம் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு நேராக மடத்து வாசலுக்கு வந்து நின்றாள். இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாளிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. அங்கமுத்து எதிரே வந்தார்.

அங்கமுத்து மடத்தின் சீடர்களில் மூத்தவர். வயதில் குருவுக்கே மூத்தவர். ஒரு காலத்தில் தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். மேனேஜர் பங்களா முன்னால் அவர் கையை உயர்த்தினால் மலை முழுக்கக் கோஷம் எழும். அந்தக் குரல் இன்னும் மங்கவில்லை. இப்போது மடத்துக்காகப் பேசிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

“சுவர் சாயுதுங்கய்யா. ஆளை விட்டுக் கட்டிக் குடுங்க.”

“சுவர் யார் நிலத்துல நிக்குது?”

“எங்க பக்கம்தான்.”

“மலையை வெட்டி வீடு கட்டினது யாரு?”

“என் மாமனாரு.”

“மலை அதுபாட்டுக்கு நின்னுச்சு. அதோட காலை வெட்டினது நீங்க. வெட்டினவங்கதான் கட்டணும்.”

மேலே ஏறிவிட்டவர்களுக்குச் சட்டம் எப்படியோ சீக்கிரம் பாடமாகிவிடுகிறது.

“மண்ணு உங்களுது. தண்ணி உங்களுது. சுவர் மட்டும் எங்களுதா?”

“தண்ணியா? இந்த மடத்துத் தண்ணி ஒரு சொட்டு எல்லை தாண்டாது. ஊருக்கே தெரியும்.”

அது வெறும் பேச்சில்லை. மடத்தின் விரதமே அது. குளித்த தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எதையும் சாக்கடையில் விடமாட்டார்கள். ஆளுக்கு ஒரு வாளி. அதில் பிடித்து, சுவர் ஓரத்துப் பூச்செடிகளுக்குச் சுமந்துபோய் ஊற்றவேண்டும். இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்ததே அங்கமுத்துதான். வருகிறவர்களை அழைத்துப்போய் செடிகளைக் காட்டுவார். ஆகா என்பார்கள். மண்ணுக்குள் போன தண்ணீர் அப்புறம் எங்கே போகிறது என்று எவரும் கேட்டதில்லை.

சுவரில் தண்ணீர் வடிவதற்கென்று விட்டிருந்த ஓட்டைகள் வழியாக அது செபமாலை வீட்டுக்குள் போனது.

“சுவர்ல தண்ணி வடியற ஓட்டைகளை அடைச்சது யாரு?” என்றார் அங்கமுத்து.

“நான்தான். சிமெண்ட் வச்சு அடைச்சேன். எழுந்திரிக்க முடியாத மனுசன் படுத்திருக்கிற கட்டில் மேல உங்க சோப்புத் தண்ணி ஒழுகுனா, பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா?”

“தண்ணி போக வழியில்லாமத்தான் சுவர் புடைச்சிருக்கு. அடைச்சது நீ. உன் வாயாலயே ஒத்துக்கிட்ட. போ.”

செபமாலை போகவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“அன்னைக்கு மேனேஜர் மேல இருந்தாரு. நீங்க எங்ககூடக் கீழ நின்னீங்க. இன்னைக்கு நீங்க மேல வந்துட்டீங்க தலைவரே. ஆளுதான் மாறியிருக்கு. பேச்சு அதே மேனேஜர் பேச்சு.”

அங்கமுத்துவுக்குக் காது மடல் சுட்டது. கதவைப் படாரென்று சாத்தினார்.

அதே சூட்டோடு அடுப்படிக்குப் போனார். குரு உமையாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“அம்மா, ஒரு கேள்வி.”

“கேளுங்கண்ணே.” வயதில் மூத்த சீடரை உமையாள் அப்படித்தான் அழைப்பார்.

“ரெண்டு நிலத்துக்கு நடுவுல சுவர் சாயுது. யார் கட்டணும்?”

“மேல இருக்கிறது யாரு?”

“நாம.”

“கீழ?”

“செபமாலைன்னு ஒருத்தி. புருஷன் அருளப்பன். மரத்துல ஏறிக் கிளை வெட்டுறப்ப விழுந்து இடுப்பு உடைஞ்சு கிடக்கிறான்.”

“உங்களுக்குத் தெரிஞ்சவரா?”

“சங்கத்துல என் பின்னாடி கொடி பிடிச்சு நடந்தவன்.”

“அந்தப் பொண்ணுக்கு என்ன பதில் சொன்னீங்க?”

அங்கமுத்து ஒன்று விடாமல் சொன்னார். மலையை வெட்டியது, ஓட்டையை அடைத்தது, அவள் தன் வாயாலேயே ஒத்துக்கொண்டது. சொல்லச் சொல்ல அவருக்கே தன் வாதம் பிடித்துப்போனது. மேனேஜர் பேச்சு என்று அவள் சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

“நல்லா வாதாடியிருக்கீங்க” என்றார் உமையாள். கீரையை ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்தார். மூலையில் கிடந்த பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

“எங்கம்மா கிளம்பிட்டீங்க?”

“நான் கீழ இருக்கேன். சாயங்காலம் எல்லாரும் வழக்கம்போலக் குளிங்க. வழக்கம்போலத் தண்ணியைக் கொண்டுவந்து ஊத்துங்க. முதல் வாளி நீங்க ஊத்தணும்.”

சாயங்காலம் மழை தூறிக்கொண்டிருந்தது. அங்கமுத்து குளித்தார். வாளி நிறையத் தண்ணீரோடு சுவர் ஓரத்துக்கு வந்தார். மற்ற சீடர்கள் பின்னால் வரிசையாக நின்றார்கள்.

சுவருக்கும் கீழ்வீட்டுத் தகரக் கூரைக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருந்தது. அதன் வழியாக வெளிச்சம் தெரிந்தது. எத்தனையோ நாள் அந்த வெளிச்சத்தின் மேலேயே நின்று தண்ணீர் ஊற்றியிருக்கிறார். குனிந்து பார்த்தது இன்றுதான்.

கட்டிலில் அருளப்பன் கிடந்தான். அவனை ஒட்டித் தரையில் பாயை விரித்து உமையாள் உட்கார்ந்திருந்தார். புடைத்து நின்ற கற்களில் முதுகைச் சாய்த்திருந்தார்.

“அம்மா! அங்க உட்காராதீங்க!”

“ஏன்?”

“சுவர் விழுந்துடும்!”

“அதுக்கென்ன? நீங்க ஊத்துங்கண்ணே. உங்க எல்லைக்குள்ள, உங்க செடிக்குத்தானே ஊத்துறீங்க.”

கட்டிலிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது.

“யாரு, நம்ம தலைவரா? ஊத்துங்க தலைவரே, யோசிக்காதீங்க. எனக்குப் பழகிப்போச்சு. அம்மாவுக்குத்தான் புதுசு.”

“நீ சும்மா இருய்யா” என்று அதட்டினாள் செபமாலை. “ஊத்தட்டும். அடைச்சது நான்தானே. நான்தானே சாகணும்.”

கல் இடுக்கிலிருந்து ஈர மண் பெயர்ந்து உமையாளின் தோளில் விழுந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை.

அங்கமுத்துவின் விரல்களில் வாளியின் பிடி அறுத்தது. சாய்க்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. வைத்தால் அந்தப் பாரமும் சுவர் மேல்தான் என்று தோன்றியது. காலை எடுத்துப் பின்னால் வைத்தார். தான் நிற்பதே பாரம் என்றும் தோன்றியது.

“எல்லாரும் பின்னாடி போங்கப்பா!” என்று கத்தினார். பழைய குரல். வரிசை கலைந்து பின்வாங்கியது.

“அம்மா, கெஞ்சிக் கேட்கிறேன். வெளிய வாங்க.”

“மத்தியானம் ஒரு கேள்வி கேட்டீங்களே. யார் கட்டணும்?”

“நாமதான்! நாமதான் கட்டணும். விடிஞ்சதும் ஆள் வரும். கல்லு வரும். இது நம்ம சுவர்தாம்மா, ஒத்துக்கிறேன். எந்திரிச்சு வாங்க!”

சொன்னதும் அங்கமுத்துவுக்கு நெஞ்சு லேசானது. தோற்றதிலும் ஒரு பெருமை வந்துவிட்டது. எத்தனை பேர் முன்னால் ஒத்துக்கொண்டிருக்கிறார்! குரு இனி எழுந்துவிடுவார், ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தார்.

உமையாள் அண்ணாந்து பார்த்தார். அப்படியொரு கோபத்தை அந்த முகத்தில் அங்கமுத்து அதுவரை கண்டதில்லை.

“மத்தியானம் செபமாலை வந்து கேட்டப்ப அது யார் சுவரா இருந்துச்சு?”

“அவ சுவர்னு சொன்னேன்.”

“பொழுது சாயறதுக்குள்ள எப்படி உன் சுவரா மாறிச்சு?”

அண்ணே என்ற சொல் இல்லை. அங்கமுத்து அதைக் கவனித்தார்.

“நீங்க கீழ உட்கார்ந்திருக்கீங்களேம்மா…”

உமையாள் அருளப்பனின் கட்டில் சட்டத்தில் கையை வைத்தார்.

“அப்ப இத்தனை வருஷமா இந்தக் கட்டில்ல ஆளே இல்லையா, அங்கமுத்து?”