மேசைக்கு அடியில் இருந்த கேபிள்

ஈரோடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அம்சவேணிக்கு ஒரு லேப்டாப் ரிப்பேர் கடை. அவளிடம் தொழில் படிக்க வந்தவர் மயில்சாமி. குருவுக்குச் சீடனின் மகள் வயது.

அதற்கு முன் மயில்சாமி மஞ்சள் மண்டியில் தரகர். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசியே ஆளானவர். சரக்கின் குறையை விற்கிறவன் தன் வாயால் சொல்லக் கூடாது, கண்ணிருந்தால் வாங்குகிறவன் பார்த்துக்கொள்ளட்டும். இதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நஷ்டப்பட்டுப் படித்தார்.

அம்சவேணி சரக்கு எடுக்கக் கோவைக்குப் போயிருந்த நாளில் பெனசீர் வந்தாள். சாயங்காலங்களில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் தமிழ் சொல்லித்தருகிறவள். கீபோர்டில் இரண்டு பொத்தான் அமுங்கவில்லை. அதுதான் அவள் சொன்ன குறை.

மயில்சாமி பொத்தானைச் சரிசெய்தார். அதோடு விட்டிருக்கலாம். கேட்காமலேயே புது ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் ஏற்றினார். ஏற்றி முடித்துப் பார்த்தால் திரையின் மூலையில் வைஃபை அடையாளத்தையே காணோம். எங்கே தேடுவதென்றும் தெரியவில்லை. அதற்குள் லேப்டாப்பை வாங்கிப் போகப் பெனசீர் திரும்பி வந்துவிட்டாள்.

மேசைக்கு அடியில் கடையின் நெட் கேபிள் கிடந்தது. அவள் கண்ணில் படாத பக்கமாக அதை இழுத்து லேப்டாப்பில் சொருகினார். வைஃபை இல்லாமலே நெட் வந்தது.

“பாருங்க, குதிரையாட்டம் ஓடுது. புது சிஸ்டமே போட்டுட்டேன்.”

மறுநாள் காலையில் அவள் திரும்பி வந்தாள்.

“வீட்ல வைஃபையே காட்டலைங்ணா. நேத்து கிளாஸ் போச்சு.”

மயில்சாமி மறுபடியும் கேபிளைச் சொருகினார்.

“இங்க ஓடுது, அங்க ஓடலீன்னா என்ன அர்த்தம்? லேப்டாப்புக்கு ஒண்ணுமில்லீங்க. உங்க ஊட்டு நெட் லைனுக்குத்தான் குளுக்கோஸ் ஏத்தோணும்!”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பெனசீர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.

அதற்கடுத்த நாள் மதியத்துக்கு மேல் அம்சவேணி கோவையிலிருந்து திரும்பிக் கடைக்கு வந்ததும் மயில்சாமி பக்கத்தில் போய் நின்றார்.

“அம்மணி, ஒரு சந்தேகமுங்க. புது சிஸ்டம் ஏத்துனப்புறம் வைஃபை காணாமப் போனா என்ன பண்றதுங்க?”

“எந்த லேப்டாப்புங்ணா?”

“சும்மா, பொதுவாத்தான் கேக்கறேன்.”

அம்சவேணி கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள்.

“வைஃபை கார்டு எங்கயும் போயிருக்காது, உள்ளதான் இருக்கும். புதுசா வந்த சிஸ்டத்துக்கு அது யாருன்னு தெரியாது. அறிமுகம் பண்ணி வைக்க ஒரு டிரைவர் போடணும். கம்பெனி சைட்டுல மாடல் நம்பரைப் போட்டாக் கிடைக்கும்.”

“நெட்டே இல்லாம அதை எப்படிங்க எடுக்கறது?”

“கேபிள்தான் மேசைக்கு அடியில கிடக்குதே. அதைச் சொருகி எடுக்க வேண்டியதுதான்.”

மயில்சாமி குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். இரண்டு நாளும் அதே கேபிள் அவர் கையில்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து பெனசீர் உள்ளே வந்தாள். லேப்டாப்பை அம்சவேணி முன்னால் வைத்தாள்.

“அக்கா, நீங்க பாருங்க. இவர்கிட்ட வேண்டாம்.”

நடந்ததை அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். குளுக்கோஸையும் சொன்னாள், சிரிப்பையும் சொன்னாள். கேபிளை மட்டும் சொல்லவில்லை. அது அவளுக்குத் தெரியாது.

அம்சவேணி திரையைப் பார்த்தாள். பிறகு மயில்சாமியைப் பார்த்தாள். கேபிளை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“டிரைவர் போடுங்ணா.”

மாடல் நம்பரை அவர் இரண்டு முறை தப்பாக அடித்தார். மூன்றாவது முறை கிடைத்தது. இறக்கினார், ஏற்றினார், அணைத்துப் போட்டார். மூலையில் வைஃபை வந்து உட்கார்ந்தது. அக்கம்பக்கத்துக் கடைகளின் பெயர்களெல்லாம் வரிசையாகத் தெரிந்தன.

“அவ்வளவுதான். வீட்ல போய் கனெக்ட் பண்ணிக்க” என்றாள் அம்சவேணி.

பெனசீர் லேப்டாப்பைத் தொடவில்லை.

“எதுலக்கா கனெக்ட் பண்றது? நான் மாடில குடியிருக்கேன். கீழ ஹவுஸ் ஓனர் ருக்குமணியம்மா அவங்க லைனை சும்மாதான் குடுத்திருந்தாங்க. இவர் பேச்சை நம்பி, உங்க லைன் சரியில்லைன்னு லேப்டாப் கடையில சொல்றாங்கம்மான்னு போய்ச் சொல்லிட்டேன். ‘ஓசியில குடுத்தா அதுலயும் குறையா’ன்னு பாஸ்வேர்டையே மாத்திட்டாங்க. ரெண்டு நாளா கிளாஸ் இல்ல. இன்னிக்கும் எடுக்கலீன்னா பிள்ளைங்களை வேற டீச்சர்கிட்ட விடறோம்னு சொல்லிட்டாங்க.”

மயில்சாமி முந்திக்கொண்டார்.

“புதுசா ஒரு நெட் டாங்கிள் வாங்கிக் குடுத்துடறேன் அம்மணி. என் காசுல. இப்பவே.”

“அவங்க லைனுக்கு என்னங்ணா கோளாறு?”

“கோளாறு... ஒண்ணுமில்லீங்க.”

“அதை அவங்ககிட்ட யாரு சொல்றது?”

“இந்தப் பொண்ணே சொல்லட்டுமே. ஒரே வீட்டுல இருக்கறவங்க...”

அம்சவேணி லேப்டாப்பை மூடி அவர் கையில் கொடுத்தாள்.

“கூடப் போய் பாஸ்வேர்ட் கேட்டு, கனெக்ட் பண்ணிக் குடுத்துட்டு வாங்க.”

“ஏன்னு கேப்பாங்களே?”

“கேப்பாங்க.”

ருக்குமணியம்மா கேட்டைத் திறக்காமலே பேசினாள்.

“யாரப்பா நீ?”

“லேப்டாப் கடைங்கம்மா.”

“ஓ, என் லைனுக்கு மருந்துச் சீட்டு எழுதின டாக்டரா! என்ன, ஊசி போட வந்தியா?”

“இல்லீங்க. அதுல ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சுங்க. கடையில கேபிள்ல ஓடுச்சு, அதைப் பாத்து...”

“கேபிளு தானா ஊர்ந்து வந்து சொருகிக்கிச்சாக்கும்?”

மயில்சாமி பெனசீரின் பக்கம் திரும்பவில்லை.

“நான்தானுங்க சொருகினேன். இந்தப் பொண்ணுக்குத் தெரியாம.”

“சத்தமாச் சொல்லு. எனக்கு இந்தக் காது மந்தம்.”

“புது சிஸ்டம் ஏத்தி வைஃபையைக் கெடுத்தது நானுங்க. கண்ணுக்குத் தெரியாத மாதிரி கேபிளைச் சொருகிக் காட்டினேன். உங்க லைன் மேல பழியைப் போட்டேன். உங்க லைன் நல்லாத்தானுங்க இருக்குது.”

மாடிப்படியில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். பெனசீர் அவரையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை.

ருக்குமணியம்மா கேட்டைத் திறந்தாள்.

“ஏம்புள்ள, நானும்தான் ஒரு வார்த்தை விசாரிக்காம மாத்திப்புட்டேன். கொண்டா இங்க.”

லேப்டாப்பை வாங்கி, மயில்சாமிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, பாஸ்வேர்டை அவளே ஒற்றை விரலால் அடித்தாள்.

“இதை உனக்குச் சொல்ல மாட்டேன் சாமி. தப்பா எடுத்துக்காத.”

கொஞ்ச நேரத்தில் மாடியில் பிள்ளைகளின் குரல் கேட்டது. மயில்சாமி அதைக் கேட்டுவிட்டு நடந்தார்.

கடையில் அம்சவேணி வேலையாக இருந்தாள்.

“கனெக்ட் ஆச்சுங்களா?”

“ஆச்சுங்க.”

முக்காலியில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

“போன்ல பேச விட்டிருக்கலாம் அம்மணி. மண்டியில கத்தியோட வந்தவனையே நிமிந்து பாத்தவன் நான். அந்தம்மா பேசினதுகூடப் பரவால்லீங்க. மாடிப்படியில நின்னு ரெண்டு பேரு சிரிச்சாங்க பாருங்க, அதைத்தான் தாங்க முடியலைங்க.”

அம்சவேணி தலையை நிமிர்த்தவில்லை.

“நேத்து இங்க எத்தனை பேருங்ணா சிரிச்சாங்க?”