வாலில் தொங்கிய நாவல்துறை

சிங்கராசாவின் காட்டில் பன்னிரண்டு நாடுகள். பன்னிரண்டுக்கும் தனித்தனித் தலைநகரம். அத்தனையையும் தடங்கலில்லாமல் சொல்பவருக்குத் தூதர் உத்தியோகம் என்று தண்டோரா போட்டார்கள். அவ்வளவுதான், கொண்டலாத்திப் பறவை மரத்தடியில் பயிற்சி வகுப்பைத் திறந்துவிட்டது!

முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தான் துள்ளாண்டி முயல்.

"மனப்பாடம் செய்யாதே! உடம்பில் ஒட்டிக்கொள்!" என்றது கொண்டலாத்தி, கொண்டையை விரித்தபடி. "மூக்கைத் தொடு. அது பன்றி நாடு. மூக்கில் தாமரை பூத்திருக்கிறது என்று நினை. தாமரைக்குளம்! வாலைத் தொடு. அது மான் நாடு. வாலில் நாவல்பழம் தொங்குகிறது. நாவல்துறை!"

"இதெல்லாம் மறந்துபோனா, ஐயா?"

"அதற்கு ஒரு பாட்டு இருக்கிறது!"

பாட்டு மறந்துபோனால் தாளம். தாளமும் மறந்துபோனால் ஆட்டம். பன்னிரண்டு பெயருக்கு நாற்பத்தெட்டுத் தந்திரம்! பாவம், துள்ளாண்டிக்குப் புல் மேயக்கூட நேரமில்லை.

அவன் அக்கா நாவல்துறையில்தான் குட்டிகளோடு குடியிருந்தாள். "ஒரு எட்டு வந்துட்டுப் போடா தம்பி" என்று காக்கையிடம் சொல்லி அனுப்புவாள்.

"நாவல்துறையைத்தான் படிச்சுக்கிட்டிருக்கேன், வர நேரமில்லைன்னு சொல்லு!" என்பான் இவன்.

தேர்வு வந்தது. துள்ளாண்டி மூக்கையும் வாலையும் தொட்டுத் தொட்டுப் பன்னிரண்டையும் சொல்லித் தள்ளினான். கருப்பட்டி என்ற எருமையோ, "மான் நாடுங்களா? மணல்திட்டைத் தாண்டினா ஒரு நாவல்மரம் நிக்கும், அந்த ஊருங்க. பேரு வாயில வரலை" என்று இழுத்தது.

"பூஜ்யம்!" என்றது கொண்டலாத்தி.

மறுநாளே மலையில் பேய்மழை. சிங்கராசா பதறிப்போய்க் கூப்பிட்டார். "தூதரே, ஆற்றில் வெள்ளம் வருகிறது! மான் நாட்டுத் தலைநகருக்கு ஓடு! எல்லாரையும் மேட்டில் ஏறச் சொல்!"

துள்ளாண்டி வாலைத் தொட்டான். "நாவல்துறை, ராசா!"

சபையே கைதட்டியது. துள்ளாண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான்.

"இன்னும் என்ன நிற்கிறாய்?"

"அது எந்தப் பக்கம் இருக்கு, ராசா?"

எல்லாரும் கொண்டலாத்தியைப் பார்த்தார்கள். "வழி நம் பாடத்திலேயே இல்லையே!" என்றது அது.

"ஐயோ, என் அக்கா! அவ குட்டிங்க!" என்று கதறினான் துள்ளாண்டி. மூக்கைத் தொட்டான், காதைத் தொட்டான், திரும்பவும் வாலைத் தொட்டான். எதுவும் வழி சொல்லவில்லை.

"அழறதுக்கு நேரமாடா இது? ஏறு என் முதுகுல!" என்றது சபையின் ஓரத்தில் நின்ற கருப்பட்டி.

வாரம் தவறாமல் மேய்ச்சலுக்குப் போன தடம். கண்ணை மூடிக்கொண்டுகூட எருமை போகும். வெள்ளம் வருவதற்குள் இருவரும் போய்ச் சேர்ந்து ஊரையே மேட்டில் ஏற்றினார்கள்.

கடைசிக் குட்டியையும் ஏற்றிவிட்டு அக்கா திரும்பிப் பார்த்தாள். "வெள்ளம் வந்தாத்தான் நீ வருவியாடா?"

துள்ளாண்டி தலையைக் குனிந்துகொண்டான்.

ஊர் திரும்பினால், மரத்தடியில் ஒரு புதுப் பலகை! 'வெள்ளத்தை வென்ற தூதர் எங்கள் மாணவரே! சேர்க்கை நடைபெறுகிறது!' எதிரே கூட்டம் முண்டியடித்துக்கொண்டு நின்றது.

ஓர் ஊரின் பெயரை ஆயிரம் தரம் ஒப்பித்தவனைவிட, ஒரே ஒரு தரம் அங்கே போய்வந்தவனுக்கே அந்த ஊர் தெரியும்.