புல்லில் உருண்ட பந்து

கண்பார்வை முற்றிலும் மங்கிய பின்னரும் தார்சியூஸ் ஆசான் மாலைதோறும் மைதானத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. மைதானம் என்பது கடற்கரை மணல்தான். காயவைத்த வலைகளை மீனவர்கள் சுருட்டி எடுத்ததும், இரு பக்கமும் மூங்கில் நட்டு ஆட்டம் தொடங்கும். கரையேற்றிய வள்ளம் ஒன்றின் நிழலில் அமர்ந்து, பந்தில் கால் படும் ஓசையை ஆசான் கேட்டுக்கொண்டிருப்பார்.

அவரிடம் ஆடக் கற்று, இப்போது அவருடைய இடத்தில் நின்று ஊர் அணியைப் பயிற்றுவிப்பவன் மத்தியாஸ். தலை நரைத்துவிட்டபோதும் ஆசான் முன் அவன் மாணவனே. அன்று அவன் நலம்கூட விசாரிக்காமல் மணலில் அமர்ந்தான்.

"ரெஜினை டீமிலிருந்து நீக்கப் போறேன், ஆசானே."

"அவனுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல்ல. நாளைக்குச் சொல்லணும். அவனுக்க மாமன் ஓமானுக்குப் படகு வேலைக்குக் கூப்பிடுகாரு. இங்க இடமில்லன்னு தெரிஞ்சா ஃபிளைட் ஏறிடுவான்."

"ஏறினா?"

"பிறகு பந்தைத் தொட மாட்டான். அங்க போனவங்க யாரு தொட்டா?"

ஆசான் தலையசைத்தார். மணலின் மறுமுனையில், பதினேழு வயது ரெஜின் பந்தைத் தலையில் நிறுத்தியபடி நடந்து காட்டிக்கொண்டிருந்தான். சுற்றி நின்ற பிள்ளைகளின் கூச்சல் வள்ளம் வரை கேட்டது.

"நேத்து நடந்தத உனக்க வாயால சொல்லு."

மத்தியாஸ் சொன்னான். நகரத்தில் கோப்பைக்கான அரையிறுதி. ஆட்டம் முடியச் சற்று நேரமே இருந்தது. இரு அணிகளும் சமநிலையில் இருந்தன. ரெஜின் தடுத்தவர்களைக் கடந்தான். கோல் கீப்பரையும் கடந்தான். எதிரே ஆளில்லாத கோல். தள்ளிவிட்டால் போதும். அவன் தள்ளவில்லை. கோட்டுக்குச் சற்று முன்னால் பந்தை நிறுத்தினான். பின், திரும்பி நின்று, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக் கூட்டத்தை நோக்கிக் குனிந்து வணங்கினான்.

"மணலில பந்தை வச்சா வச்ச இடத்தில நிக்கும், ஆசானே. இவன் பிறந்ததிலிருந்து மணலில ஆடினவன். அங்க வெட்டின புல்லு. தரை சரிவு வேற. கும்பிட்டு நிமிர்ந்து பாக்கான், பந்து அதுபாட்டுக்கு உருண்டு அவங்க ஆளுக்க காலுக்குப் போயிட்டு. அதே பந்தைக் கொண்டுபோய் அவங்க கோல் அடிச்சாங்க. அதோட முடிஞ்சுது."

ஆசானுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முயன்றார், இயலவில்லை.

"சிரிங்க. ஊரே சிரிக்குது. வலை இழுக்கிறவங்க என்னக் கண்டா இடுப்பில கைய வச்சுக் கும்பிடுகாங்க."

"புல்லில பந்து உருளும்னு அவனுக்கு யாரு சொன்னா?"

"அதையெல்லாமா சொல்லிக் கொடுக்கணும்? கோல் அடிச்சிட்டுக் கும்பிடுடான்னும் நான்தான் சொல்லணுமா?"

ஆசான் அவன் பக்கம் சாய்ந்தார்.

"அந்த கோல் கீப்பர் வரைக்கும் எப்பிடிப் போனான்? அதச் சொல்லு."

மத்தியாஸ் வேண்டாவெறுப்பாகத் தொடங்கினான். நடுக்கோட்டருகே வந்த பந்தை ரெஜின் தொடவே இல்லை. தொடுவதுபோல் குனிந்து, கால்களுக்கிடையே ஓடவிட்டுத் திரும்பினான். முதுகோடு ஒட்டி நின்றவன் அங்கேயே நின்றுபோனான். இரண்டாமவன் காலை நீட்டும் வரை காத்திருந்தான். நீட்டியதும் அந்தக் காலுக்கு மேலாகப் பந்தை மெல்லத் தூக்கிவிட்டான். மூன்றாமவன் எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் உட்கார்ந்தேவிட்டான். சொல்லச் சொல்ல மத்தியாஸின் விரல் மணலில் கோடு இழுத்தது. குரலில் இருந்த கடுப்பு எங்கோ போயிற்று.

ஆசான் மூச்சுவிடவும் மறந்தவர்போல் இருந்தார்.

"இன்னொரு தடவை சொல்லு. மெதுவா."

மத்தியாஸ் மீண்டும் சொன்னான். முதல் முறை விட்டுப்போன ஒன்று இப்போது நினைவுக்கு வந்தது.

"மூணாமத்தவனக் கடக்கதுக்கு முன்ன ஒரு நொடி தலையத் தூக்கினான், ஆசானே. வலப்பக்கம் நம்ம பிளசன் தனியா ஓடி வந்தான். அவனப் பாத்தான்."

"கொடுத்தானா?"

"எங்க கொடுத்தான்!"

"ஆனா, பாத்தான்."

"பாத்தான்," என்றான் மத்தியாஸ், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல். "போன வருஷம் பாக்கவும் மாட்டான்."

அப்போது பந்து வந்து வள்ளத்தில் மோதியது. எடுக்க வந்த ரெஜின், மத்தியாஸின் முகத்தைத் தவிர்த்து ஆசானிடம் பேசினான்.

"ஆசானே, நேத்து அந்த கிரவுண்டு சரியில்ல, கேட்டீங்களா? பந்து தானா நடந்து போகுது."

"கிரவுண்டுக்க தப்பா அது?"

"பின்ன? கும்பிட்டதத்தான் கோச் சொல்லியிருப்பாரு. மூணு பேர வெட்டிப் போனதச் சொல்லியிருக்க மாட்டாரே!"

"ரெண்டு தடவை சொன்னான்."

ரெஜினின் சிரிப்பு நின்றது. மத்தியாஸை நேராகப் பார்த்தான். பின் பந்தைக் கையிலெடுத்துக்கொண்டு தலைகுனிந்து நடந்தான். பத்தடி போவதற்குள் பந்து மறுபடியும் தலைமேல் ஏறிக்கொண்டது. பிள்ளைகள் ஆரவாரித்தார்கள்.

"கேட்டீங்களா? ஒரு மன்னிப்புக் கேக்கத் தெரியல்ல."

"தெரியல்ல."

"இவன் பக்குவப்பட இன்னும் எத்தனை வருஷம் ஆகும்?"

"ஆகும்."

மத்தியாஸ் கடலின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எனக்கு அந்தக் கோப்பை வேணும், ஆசானே. ஆடின காலத்திலயும் கிடைக்கல்ல. இவங்கள ஆடவச்ச காலத்திலயும் கிடைக்கல்ல. ஒரே ஒரு தடவை கையில எடுத்து, அதுக்க கனம் என்னன்னு பாக்கணும். இவன வச்சுக்கிட்டு நான் எப்பம் எடுப்பேன்? இன்னும் எத்தனை தடவை பொறுப்பேன்?"

ஆசான் பந்தின் ஓசை வரும் திசைக்குக் காதைத் திருப்பினார்.

"கண்ணு இருந்த காலமெல்லாம், இப்பிடி ஒருத்தன் வருவான்னு இந்தக் கரையில காத்துக் கிடந்தேன், மக்கா. கண்ணு போன பிறகு வந்தான்."

மத்தியாஸ் நிமிர்ந்தான். இத்தனை ஆண்டுகளில் ஆசான் தமக்கென்று எதற்கும் ஆசைப்பட்டு அவன் பார்த்ததில்லை.

"அவன் ஆடுகத நீ சொல்லிக் கேட்டா போதும்னு நினைச்சேன். போதல்ல."

"நான் என்ன செய்யணும், ஆசானே?"

"அவன் தலையத் தூக்கிப் பாத்து, பாத்த ஆளுக்கே பந்தைக் கொடுக்கிற ஒரு நாள் வரும். அன்னைக்கு நான் இருக்க மாட்டேன். நீயாவது அங்க இரு."