நாளைக்கு வரப்போகும் காய்ச்சல்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மருதங்காடு என்ற சின்ன நாட்டைக் கோதைவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் எதையும் முதல், கடைசி என்று வரிசைப்படுத்தாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. சமையல்காரர்களை வரிசைப்படுத்தினான், யானைகளை வரிசைப்படுத்தினான். ஒருமுறை தன் இரண்டு மாமியார்களையும் வரிசைப்படுத்தப் போய், எட்டு நாள் அந்தப்புரத்துப் பக்கமே தலைகாட்ட முடியவில்லை.

அவன் தலைநகரத்தில் மூன்று பள்ளிக்கூடங்கள் இருந்தன. அவற்றையும் வரிசைப்படுத்த ஆசை வந்தது. சோதித்துவரப் போனவர் அரண்மனை அதிகாரி சிங்காரவேலர். அவருக்கு மந்திரி மாசிலாமணியைக் கண்டாலே ஆகாது. வடக்குவாசல் பள்ளியைத் தொடங்கிவைத்தவர் மாசிலாமணி. கீழைத்தெருப் பள்ளியின் வாத்தியார் குப்பண்ணரோ சிங்காரவேலரின் சொந்த மைத்துனர். பிறகு முடிவு எப்படி வரும்?

"கீழைத்தெரு முதல், மகாராஜா. ஒரு பிள்ளைகூட வாய்பாட்டில் தடுக்கவில்லை. வடக்குவாசல் கடைசி. பாதிப் பிள்ளைகள் பேந்தப் பேந்த விழிக்கின்றன" என்றார் சிங்காரவேலர். நடுவில் வந்த பள்ளியைப் பற்றி அன்றைக்கும் யாரும் பேசவில்லை, நாமும் விட்டுவிடலாம்.

"அப்படியானால் கடைசிப் பள்ளியை மூடுங்கள். புதுக் குதிரைகளுக்குக் கொட்டில் வேண்டியிருக்கிறது" என்றான் ராஜா.

அங்கே படித்தவர்கள் குயவர், வண்ணார், உப்பு சுமப்பவர் வீட்டுப் பிள்ளைகள். அதை மூடினால் அவர்களுக்கு வேறு பள்ளி கிடையாது. மாசிலாமணி மெல்ல எழுந்தார்.

"மகாராஜா, இரண்டு தராசில் எது சரி என்று பார்க்க, ஒரே கல்லை இரண்டிலும் வைத்துப் பார்ப்பதுதானே முறை?"

"ஆமாம். கல்லுக்கு எங்கே போவது?"

மந்திரி ராஜாவின் காதோரம் குனிந்தார். "இளவரசர் இருக்கிறாரே."

ராஜா முகம் சுருங்கியது. மகன் செங்கோடனுக்கு ஒன்பது வயது. அரண்மனைப் பண்டிதர்கள் நான்கு பேர் மாறி மாறிச் சொல்லிக்கொடுத்தும் ஏழாம் வாய்பாடு ஏறவில்லை. அது ராஜாவுக்கு உள்ளுக்குள் பெரிய குறை. கடைசியில் சம்மதித்தான். பையனுக்கு மொட்டை போட்டு, எண்ணெய்க் கறை படிந்த வேட்டி கட்டி, செக்கார் மகன் என்று சொல்லிக் கீழைத்தெருவில் சேர்த்தார்கள். அடுத்த பௌர்ணமியில் மறுசோதனை. அதுவரை ராஜா மகனைப் பற்றி எதுவும் கேட்கக் கூடாது என்று மந்திரி வாக்கு வாங்கிக்கொண்டார்.

பௌர்ணமியும் வந்தது. ராஜா சிங்காரவேலரோடும் மாசிலாமணியோடும் கீழைத்தெருவுக்குப் போனான். இருபது பிள்ளைகள், இருபது பேரும் மணிமணியாக ஒப்பித்தார்கள். சிங்காரவேலர் மீசையைத் தடவிக்கொண்டார். ராஜாவின் கண் மட்டும் வரிசை வரிசையாக அலைந்தது.

"செக்கார் மகன் ஒருவன் இருந்தானே, எங்கே?"

"அந்த மண்டுவா, மகாராஜா?" குப்பண்ணர் பெருமையாகச் சிரித்தார். "அது தேறாத சரக்கு. பத்து நாள் பார்த்தேன். போன தடவை மண்டுகளை அனுப்பியது போலவே, இந்தத் தடவை இவனையும் முன்கூட்டியே அனுப்பிவிட்டேன். 'சோதனையன்றைக்கு உனக்குக் காய்ச்சல்' என்றேன். 'எனக்குக் காய்ச்சல் இல்லையே ஐயா' என்றான். 'அன்றைக்கு வரும்' என்றேன். அவனையும் சேர்த்து எட்டுப் பேர். வடக்குவாசல் இருளப்பர் யார் வந்தாலும் சேர்த்துக்கொள்வார், அங்கே போயிருப்பார்கள்."

மைத்துனரின் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்த சிங்காரவேலரின் கை அப்படியே நின்றுவிட்டது. ராஜா நேரே வடக்குவாசலுக்கு நடந்தான்.

அங்கே எழுபது பிள்ளைகள். மணல் போதாமல் ஒரே மணலில் மூன்று பேர் எழுதினார்கள். மூலையில் ஒரு சிறுமி போர்வைக்குள் சுருண்டு படுத்திருந்தாள்.

"அவளுக்கு என்ன?" என்றான் ராஜா.

"நிஜமாகவே காய்ச்சல், மகாராஜா. வீட்டுக்குப் போகச் சொன்னால் மாட்டேன் என்கிறாள்" என்றார் வாத்தியார் இருளப்பர்.

செங்கோடன் எழுந்து ஏழாம் வாய்பாடு சொன்னான். ஏழெட்டில் தடுக்கிவிட்டது. அரண்மனையில் அந்த இடத்தில் அழுவான். இங்கே அழவில்லை. உட்கார்ந்து, புளியங்கொட்டைகளை ஏழேழாக எட்டு வரிசை வைத்தான். இருளப்பர் வாயைத் திறக்காமல் காத்திருந்தார். எழுபது பிள்ளைகளும் காத்திருந்தார்கள்.

"ஐம்பத்தாறு" என்றான் பையன். மிச்சத்தைத் தடுக்காமல் சொல்லி முடித்தான்.

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் இல்லை. இருளப்பரைக் கைகூப்பி வணங்கினான். "நல்ல பிள்ளைகளை வைத்துக்கொண்டு முதலில் வருவது யாராலும் ஆகும், ஐயா. நீர் செய்தது என் நான்கு பண்டிதர்களாலும் ஆகவில்லை. உமக்கு என்ன வேண்டும்?"

"இரண்டு வண்டி ஆற்று மணல், மகாராஜா. பிள்ளைகள் கூடிவிட்டார்கள்."

"சிங்காரவேலர் நின்று ஏற்றிவருவார். குப்பண்ணர் இங்கே ஒரு வருஷம் உமக்கு உதவியாளாக இருந்து தொழில் கற்றுக்கொள்ளட்டும்."

"குதிரைகளுக்கு இடம்?" என்று நினைவூட்டினார் மாசிலாமணி.

"சிங்காரவேலர் வீட்டு முற்றம் விசாலமானது" என்றான் ராஜா.

பிறகு ராஜா மகனின் மொட்டைத் தலையைத் தடவினான். "வாய்பாடுதான் வந்துவிட்டதே. நாளையிலிருந்து அரண்மனையிலேயே பண்டிதர்களிடம் படிக்கலாம், வா."

செங்கோடன் இருளப்பரைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான்.

"நாளைக்கு எனக்குக் காய்ச்சல், அப்பா" என்றான்.