வலைப்பூவுக்கு வந்தவர்

பழைய விசைத்தறி வாங்கி விற்கும் சென்னியப்பன் சண்டைக்குத் தயாராகத்தான் நிலோஃபர் வீட்டுப் படியேறினார். அவருக்கு வலைப்பூ எழுதச் சொல்லிக்கொடுத்தவள் அவள். வயதில் இளையவள்தான். ஆனாலும் 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்.

"ஏனுங்க டீச்சர், யாரு வந்து படிக்கறாங்கன்னு பார்க்க ரெண்டு கருவி இருக்குது. ஒண்ணு இலவசம். வர்றவன் எந்த ஊரு, எதைப் படிச்சான், எந்த இடத்துல நிறுத்துனான், அத்தனையும் சொல்லுது. இன்னொண்ணு தலையை மட்டும் எண்ணுது. அதுக்குக் காசு வேற! காசையும் வாங்கிட்டு வாயையும் மூடிக்குமா? அதைப் போய் நல்லதுங்கறீங்களே!"

"யாருன்னு தெரிஞ்சு என்னண்ணா பண்ணப்போறீங்க?"

"நல்லா கேட்டீங்க போங்க. கடைக்கு வர்றவன் செருப்பைப் பார்த்துத்தான் நான் விலையே சொல்றேன். ஆள் தெரியாம பேச நானென்ன கேனையனா?"

நிலோஃபர் மடிக்கணினியைத் திறந்தாள்.

"உங்க இலவசத்தை என் வலைப்பூவுல போட்டு வெச்சிருக்கேன். நானே இன்னும் பார்க்கலை. சேர்ந்தே பார்ப்போம்."

சென்னியப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒருத்தர் பல்லடத்துல இருந்து வர்றார்" என்று வாசித்தாள்.

"அட, நம்மூரு! யாருன்னு பாருங்க, பாருங்க."

"தினமும் மத்தியானம். ஒரே பக்கம்தான். 'பேச்சு நின்றுபோன மகளுக்கு எழுதும் முதல் வரி.' பாதியில மூடிடறார். மறுநாள் திரும்பவும் வர்றார். நேத்து கடைசி வரைக்கும் போயிருக்கார். கருத்துப் பெட்டியைத் திறந்திருக்கார். ஒண்ணும் எழுதலை..."

சாதி விட்டுக் கல்யாணம் கட்டிக்கொண்டு போன மகளைப் பற்றி, 'எனக்குப் பொண்ணே பொறக்கலை' என்று சந்தை நடுவில் நின்று கத்தியவர் சென்னியப்பன். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது.

"நிறுத்துங்க! என்னை வேவு பார்க்க உங்களுக்கு எவன் சொன்னான்? ஷட்டரை இறக்கிட்டு உள்ள உட்கார்ந்து படிச்சேன் டீச்சர். என் சம்சாரத்துக்கே தெரியாது!"

நிலோஃபரின் விரல் விசைமேல் அப்படியே நின்றுவிட்டது.

"அண்ணா, இதுல பேர் இல்லை."

அவர் திரையைப் பார்த்தார். பல்லடம் என்று மட்டும் இருந்தது.

"அழிச்சிடுங்க" என்றார். எந்த வியாபாரத்திலும் அந்தக் குரலில் அவர் பேசியதில்லை.

அவர் கண்ணெதிரிலேயே எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கருவியையும் கழற்றினாள்.

நாற்காலியை நிமிர்த்தி வைத்தார். வாசல்வரை போய்த் திரும்பினார். அப்போதும் மனசு கேட்கவில்லை.

"அப்புறம் எப்படித்தான் தெரிஞ்சுக்குவீங்க, வந்தது யாருன்னு?"

"சொல்லணும்னு தோணுச்சுன்னா அவங்களே சொல்லுவாங்க" என்றாள் நிலோஃபர். "தோணலைன்னா, வந்தது எனக்குத் தெரியாமலே போகட்டும்ணா."