திரை யார் சொல்வதைக் கேட்கும்

கோவையில் வெகுகாலம் திரைத்துணிக் கடை வைத்திருந்தவர் வேலுமயில். மோட்டாரில் ஏறி இறங்கும் ஜன்னல் திரைகளை ஊர் கேட்கத் தொடங்கியதும், துணியோடு ஒயரையும் கற்றுக்கொண்டுவிடுவது என்று முடிவு செய்தார். மின்வேலை கற்றுத்தரும் மெஹருன்னிசாவின் பட்டறையில் மாணவராகச் சேர்ந்தார். ஆசிரியை வயதில் இளையவர். வேலுமயில் அவரை டீச்சர் என்பார். அவர் வேலுமயிலை அண்ணா என்பார்.

மாணவர் கெட்டிக்காரர். திரையை ஏற்ற ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் குட்டி சுவிட்ச்; இறக்க இன்னொரு ரிலே. இரண்டும் ஒரே நேரத்தில் மின்சாரம் கொடுத்தால் மோட்டார் கருகிவிடும். ஒன்று விட்ட பிறகுதான் மற்றது பிடிக்க வேண்டும். அதையெல்லாம் சீக்கிரமே கைக்குப் பழக்கிக்கொண்டார். அவர் மாட்டிய திரையில் குறை என்று யாரும் கூப்பிட்டதில்லை. அந்தத் தெம்பு நடையிலேயே தெரியும்.

ஒருநாள் காலை பட்டறைக்கு வந்தவர், பையைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"டீச்சர், ஒருத்தர் ஏத்துங்கறார், இன்னொருத்தர் இறக்குங்கறார். திரை யார் சொல்றதைக் கேக்கணும்?"

"எந்த வீடு?" என்றார் மெஹர்.

வேலுமயில் விவரம் சொன்னார். அவிநாசி சாலைக்குப் பக்கத்தில் ஒரு அடுக்குமாடி வீடு. அங்கே தேவசகாயம் என்ற பெரியவர் இருக்கிறார். மில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன வருடம் தவறிவிட்டார். முழங்கால் அறுவைக்குப் பிறகு நாற்காலியும் கட்டிலும்தான் அவர் உலகம். மகன் ஜெரால்டு கனடாவில். அங்கே தூங்கப் போகும் நேரம், இங்கே காலை. படுக்கையில் சாய்ந்தபடி போனை எடுத்து, அப்பாவின் ஜன்னல் திரையைத் தூக்கிவிடுவான். சற்று நேரத்தில் திரை இறங்கிவிட்டதாகப் போன் காட்டும். மறுபடி தூக்குவான். மறுபடி இறங்கும். அம்மா போனதிலிருந்து அப்பா இருட்டில் கிடக்கிறார் என்று அவனுக்குப் பயம். சுவரிலிருக்கும் சுவிட்சைக் கழற்றிவிடுங்கள், போனில் மட்டும் இயங்கினால் போதும் என்று சொல்லிவிட்டான்.

"கழட்டறது பெரிய வேலை இல்லீங்க. மனசுதான் ஒப்பலை."

"பெரியவர் என்ன சொல்றார்?"

"கண்ணு கூசுதுன்னார். அது மேற்குப் பார்த்த ஜன்னல், டீச்சர். காலையில வெயில் வர வழியே இல்லை. பையனும் சொன்னார், நானும் சொன்னேன். இப்ப அவர் அதைப் பத்திப் பேசறதையே விட்டுட்டார்."

மெஹர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அவர்கள் போனபோது திரை இறங்கியிருந்தது. பெரியவர் ஜன்னலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெஹர் தன்னை யாரென்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கட்டிலுக்கு மாறி உட்கார முடியுமா என்று கேட்டார். அவர் வாக்கரைப் பிடித்து மெல்ல எழுந்து மாறினார். மெஹர் நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்க அண்ணா."

வேலுமயில் அந்த அறைக்குப் பலமுறை வந்தவர். வரும்போதெல்லாம் சுவிட்ச் பலகைக்கு எதிரே நின்று வேலை பார்த்துவிட்டுப் போனவர். இப்போதுதான் உட்கார்ந்தார். சோதித்துப் பார்க்க வேலுமயிலின் போனில் வைத்திருந்த ஆப்பில் மெஹர் கட்டளை கொடுத்தார். திரை ஏறியது.

சாலைக்கு அந்தப் பக்கம், மேலிருந்து கீழ்வரை கண்ணாடி போர்த்திய புதுக் கட்டிடம் ஒன்று நின்றது. கிழக்கே இருந்த சூரியன் அந்தக் கண்ணாடியில் பட்டு, திரும்பி, நேராக நாற்காலிக்கு வந்தது. வேலுமயில் முகத்தைத் திருப்பினார். எந்தப் பக்கம் திருப்பினாலும் வெளிச்சம் விடவில்லை. கை தானாக நீண்டு சுவர் சுவிட்சை அழுத்தியது. திரை இறங்கியது.

மெஹர் போனில் மறுபடி ஏற்றினார்.

வேலுமயில் இறக்கினார். மெஹர் ஏற்றினார். வேலுமயிலின் கண்ணில் நீர் வழிந்தது.

"டீச்சர், போதுங்க."

"மேற்குப் பார்த்த ஜன்னல், அண்ணா," என்றார் மெஹர்.

கட்டிலிலிருந்து பெரியவர் பேசினார்.

"அந்தக் கட்டிடத்துக்குக் கண்ணாடி மாட்டினதுல இருந்து இப்படித்தான் தம்பி. ஒன்னு ரெண்டு மணி நேரத்துல நகர்ந்துடும். அப்புறம் நானே திறந்துக்குவேன். அதுக்குள்ள அவன் தூங்கிப் போயிருப்பான்."

"மன்னிச்சுக்கங்க ஐயா," என்றார் வேலுமயில். பெரியவர் கையை அசைத்து அதை ஒதுக்கினார். ஆனாலும் அவர் முகம் தெளிந்திருந்தது. தன் பேச்சை ஒருவர் நம்பி வெகுநாளாகியிருந்தது.

வேலுமயில் பையைத் திறந்தார். சுவிட்சைக் கழற்றவில்லை. அறையில் இருப்பவர் சுவிட்சை ஒருமுறை அழுத்திவிட்டால், அவராக விடுவிக்கும்வரை போனிலிருந்து வரும் கட்டளை ரிலேயை எட்டாதபடி மாற்றி அமைத்தார். இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஏற்றியும் இறக்கியும் பார்த்தார். பிறகு ஜெரால்டை வீடியோவில் கூப்பிட்டார். அவன் இன்னும் விழித்திருந்தான்.

சுவிட்சைக் கழற்றவில்லை என்று சொல்லி, கண்ணாடிக் கட்டிடத்தைப் பற்றியும் சொன்னார். போனைத் திருப்பி, அந்த வெளிச்சத்தையே காட்டினார்.

"அப்பா சொன்னார். நான்தான் நம்பலை," என்றான் ஜெரால்டு. "சரி, இனி திரை யார் சொல்றதைக் கேக்கும்?"

வேலுமயில் தயங்காமல் சொன்னார். "வெயில் யார் முகத்துல விழுதோ, அவர் சொல்றதைங்க."

அவன் குரல் இறங்கி வந்தது.

"இவ்வளவு தூரத்துல இருந்து அவருக்கு நான் பண்ற ஒரே காரியம் அதுதாங்க. இனிமே என் போன்ல அந்த ஆப் எதுக்கு?"

வேலுமயில் டீச்சரைப் பார்த்தார். மெஹர் போனை வாங்கிக்கொண்டார்.

"அப்பாவைக் கூப்பிட்டு, திறக்கட்டுமான்னு கேளுங்க," என்றார். "பேசி முடிச்சுட்டுத் திறந்துக்கலாம்."